ஒண்ணாம் கம்பி ஏன் அறுந்துகொண்டே இருக்கிறது?

(இந்த முறை அறிவியல் மூலையும் இசை மூலையும் சேர்ந்து ஒரே கட்டுரை. இடம் கொஞ்சம் அதிகம் பிடித்துவிட்டது, பொன்மொழிப் பகுதியை அடுத்த இதழில் பார்க்கலாம்.)



நம்ம இசைக்குழுவில் எழுதப்படாத சட்டம் ஒண்ணு இருக்கு. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி யார் கையில் இருக்கும்போது அறுகிறதோ, அவர்தான் புதுக் கம்பி வாங்கித் தரணும். கேட்க நியாயமாத்தான் தெரியும். ஆனால் ஒரே மாதத்தில் மூணு தடவை அறுந்திருக்கு. மூணு தடவையும் ஒண்ணாம் கம்பி. மூணு தடவையும் ஒரே இடம். வாசித்தவர்கள் மட்டும் மூணு வேறு ஆட்கள். இப்போ சொல்லுங்க, குற்றவாளி யார்?

"முரட்டுத்தனமா அடிச்சா அறுக்காம என்ன செய்யும்?" என்று சொல்வது சுலபம். அப்படிச் சொன்னால் விசாரணை முடிந்துவிடும், கம்பி மட்டும் அடுத்த வாரம் மறுபடியும் அறும். பாக்கெட் மணியில் கம்பி வாங்குகிறவர்களுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. அதனால் துப்பறியும் கதையில் வருவது மாதிரி தடயத்திலிருந்து ஆரம்பிப்போம்.

முதலில் கிட்டாரின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். (பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்கவும்.) தலைப்பக்கம் கம்பியை முறுக்கும் ஆறு சாவிகள், வீணையில் பிருடை மாதிரி. சாவியைத் திருப்பினால் ஒரு சின்ன உலோகத் தூண் சுழலும், கம்பி அதில் சுற்றிக்கொள்ளும். அதை அடுத்து, கழுத்து தொடங்கும் இடத்தில், ஆறு பள்ளம் வெட்டின சின்னக் கட்டை ஒன்று இருக்கும். அதற்குப் பேர் நட். (போல்ட்டில் போடுகிற நட் இல்லை!) பிறகு ஃப்ரெட், அதாவது மெட்டு. கடைசியில் உடம்பின் மேல் பிரிட்ஜ். வீணையில் இந்த உறுப்பைக் குதிரை என்கிறோம். கிட்டார் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டுக்கு சேடில் என்று பேர், அப்படின்னா குதிரைச் சேணம்! அவங்க ஊரிலும் கம்பி குதிரை மேலதான் சவாரி போகுது போல. இந்தக் கட்டுரையில் சேடில் என்ற வார்த்தை நிறைய தடவை வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

கம்பி அறுந்ததும் நாம் செய்கிற முதல் தப்பு என்ன தெரியுமா? அறுந்த துண்டுகளைக் குப்பையில் போடுவது. அதுதான் சாட்சி! கம்பியின் ஒரு நுனியில் சின்ன பித்தளை உருண்டை இருக்கும். அந்தத் துண்டை மறுபடியும் பிரிட்ஜில் கோர்த்து இழுத்துப் பிடியுங்கள். அறுந்த முனை எந்த இடத்தில் வந்து நிற்கிறது? சேடில் மேலேயா, சாவித் தூண் பக்கமா, நடுவிலா, உருண்டைக்கு ஒட்டினாற்போலவா? இது ஒண்ணு தெரிந்தாலே பாதி கேஸ் முடிந்தது. தேதி, எத்தனையாவது கம்பி, எந்த இடம், போட்டு எத்தனை நாள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் (சுதி சேர்க்கும்போதா, வாசிக்கும்போதா, சும்மா வைத்திருந்தபோதா) என்று ஒரு நோட்டில் எழுதி, துண்டை செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நாலு வரி சேர்ந்தாலே விஷயம் தானாகத் தெரியும். எப்பவும் ஒரே கம்பி, ஒரே இடம் என்றால் தப்பு கிட்டாரில். இடமும் கம்பியும் மாறி மாறி வந்தால் பழைய கம்பி அல்லது வாசிப்பவர் கை.

இப்போ கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

பதினொண்ணாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் ஆய்வகத்தில் சுரமானி என்ற பெட்டியை வைத்து சோதனை செய்வார்கள். ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, எடைக்கற்களைத் தொங்கவிட்டு, சுருதி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. கிட்டாரும் ஆறு கம்பி சுரமானிதான், எடைக்கல்லுக்குப் பதில் சாவி. அந்தப் பாடத்திலிருந்து கிடைக்கும் கணக்கு இது:

இழுவிசை = ஒரு மீட்டர் கம்பியின் நிறை × (2 × நீளம் × அதிர்வெண்)²

1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலிலும், அதைப் பார்த்துச் செய்த எத்தனையோ கிட்டார்களிலும் நட்டிலிருந்து சேடில் வரை நீளம் 25.5 அங்குலம், அதாவது 0.648 மீட்டர். ஒண்ணாம் கம்பியின் சுருதி ஈ, அதன் அதிர்வெண் 329.6 ஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கி, அதை 2 ஆல் பெருக்கினால் சுமார் 427. அதன் வர்க்கம் 1,82,500 வாக்கில் வரும். கடையில் 'டென்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கம்பியின் குறுக்களவு அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, 0.254 மி.மீ. ஒரு மீட்டர் நீளம் 0.4 கிராம்கூட இருக்காது, 0.398 கிராம். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 72.6 நியூட்டன். சாதாரண பாஷையில் 7.4 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி!

இவ்வளவு மெல்லிசான ஒரு கம்பி 7 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்குது. ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை 46, 47 கிலோ விசையோடு இழுக்குது. நாம சும்மா மாட்டி வச்சிருக்கோம் என்று நினைக்கிறோம்.

இதே கணக்கை 'நைன்' கம்பிக்குப் போடுங்கள். அது 0.229 மி.மீ., இழுவிசை 6 கிலோ. "அப்போ மெல்லிய கம்பிக்கு பாரம் குறைவு, நல்லதாச்சே" என்று ஒருத்தர் சொல்வார். "மெல்லிசுன்னா சீக்கிரம் அறும், தடிமனா போடு" என்று இன்னொருத்தர் சொல்வார். யார் சொல்வது சரி? இரண்டு இழுவிசையையும் அவற்றின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுங்கள். டென்னுக்கு 7.4 ஐ 0.0507 சதுர மி.மீட்டரால் வகுத்தால் 146. நைனுக்கு 6 ஐ 0.041 ஆல் வகுத்தால் அதுவும் 146! சதுர மில்லிமீட்டருக்கு 146 கிலோ. இதுதான் நாம் படிக்கிற தகைவு. ஒரே நீளம், ஒரே சுருதி, ஒரே எஃகு என்றால் கம்பி மெல்லிசா இருந்தாலும் தடிமனா இருந்தாலும் தகைவு மாறாது. இதை முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள், நீங்களே போட்டுப் பாருங்கள். தடிமனான கம்பிக்கு ஒரு லாபம் இருக்கு: அதே ஆழமுள்ள ஒரு கீறல் விழுந்தால், மெல்லிய கம்பியில் பெரிய பங்கை அது தின்னுடும், தடிமனில் சின்ன பங்குதான் போகும். ஆனால் கீறல் எங்கிருந்து வருது என்று கண்டுபிடிக்காமல் கம்பியை மட்டும் தடிமனாக்கினால் நாள்தான் கொஞ்சம் தள்ளிப்போகும். விரலும் வலிக்கும்!

இன்னும் ஒரு வேடிக்கை. இரண்டாம் கம்பி (பி, 247 ஹெர்ட்ஸ்) தகைவு 82 தான். மூணாம் கம்பி சுற்று இல்லாத வெறும் கம்பியாக இருந்தால் (ஜி, 196 ஹெர்ட்ஸ்) வெறும் 52. ஒண்ணாம் கம்பி அடிக்கடி அறுவதன் காரணம் இதில் பாதி தெரிஞ்சு போச்சு. அது எப்பவும் மத்த ரெண்டையும்விட இறுக்கத்தில் நிற்கிறது. மூணாம் கம்பிக்குக் கஷ்டமே இல்லை. அதனால் உங்கள் கிட்டாரில் மூணாம் கம்பி அடிக்கடி அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், எங்கேயோ ஏதோ அதை அறுக்கிறது! நாலு, அஞ்சு, ஆறாம் கம்பிகள் வேறு ஜாதி. உள்ளே ஒரு நடுக்கம்பி, மேலே நிக்கல் பூசின கம்பியைச் சுற்றியிருப்பார்கள். பாரம் முழுக்க நடுக்கம்பி மேல்தான். மேலே சுத்தினது எடைக்காக மட்டும்.

சரி, 146 என்பது அதிகமா? இந்த வேலைக்கென்று இழுத்த எஃகுக் கம்பி, பியானோவில் போடுகிற வகை, இந்த மெல்லிசில் சதுர மில்லிமீட்டருக்கு 250 கிலோவுக்கு மேல் தாங்கும். அப்படிப் பார்த்தால் டென் கம்பி 12, 13 கிலோ வரை தாங்கணும். நாம் வைப்பது 7.4. விரலால் கம்பியைத் தள்ளி ஒரு முழுச் சுரம் உயர்த்தி வாசிப்போமே (பெண்டிங்), அப்போது அதிர்வெண் 1.12 மடங்கு, இழுவிசை அதன் வர்க்கம், 1.26 மடங்கு. 9.3 கிலோ. அப்பவும் எல்லை தாண்டவில்லை! ஈ சுருதியிலிருந்து அதற்கு மேல் வரும் ஏ (440 ஹெர்ட்ஸ்) வரைக்கும் சாவியைத் திருப்பினால்தான் 13 கிலோவைத் தொடும், அங்கே எந்தக் கம்பியும் உயிரை விட்டுடும். புதுசா கத்துக்கிறவங்க போன் ட்யூனரைப் பார்த்துக்கொண்டே "இன்னும் ஈ வரலையே" என்று மேலே மேலே முறுக்கி, அடுத்த ஸ்தாயி ஈ-யை நோக்கிப் போவது உண்டு. அடுத்த ஸ்தாயி என்றால் நாலு மடங்கு, கிட்டத்தட்ட 30 கிலோ. போய்ச் சேரவே முடியாது.

ஆக, சரியான சுருதியில் இருக்கும் நல்ல கம்பி தானாக அறுவதற்குக் காரணமே இல்லை. அறுகிறது என்றால் எங்கேயோ ஓர் இடத்தில் மட்டும் அது பலவீனமாகிறது. அந்த இடத்தைத்தான் தேடுகிறோம்.

நம்ம கேஸில் மூணு துண்டும் சேடில் மேல் வந்து நின்றது. எலெக்ட்ரிக் கிட்டாரில் அதிகம் அறும் இடம் அதுதான். ஏன்? கம்பி நேராக வந்து சேடில் மேல் ஏறி, சட்டென்று கீழே இறங்குகிறது. இறங்கும் இடத்தில் மடிப்பு. ஒரு சேஃப்டி பின்னையோ ஜெம் கிளிப்பையோ மாற்றி மாற்றி மடக்கினால் என்ன ஆகும்? நாலாவது அஞ்சாவது தடவை கையோடு வந்துவிடும், நாம் அதை இழுக்கவே இல்லை! கம்பியைப் பெண்ட் செய்யும்போதும், ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலில் இருக்கும் கைப்பிடியை (ட்ரெமலோ) ஆட்டும்போதும், கம்பி சேடில் மேல் துளித்துளியாக முன்னும் பின்னும் நகரும், மடிப்பும் நகரும். சேடில் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அங்கே ஒரு பிசிறு இருந்தால்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அரம் மாதிரி ஒரு கீறல். கீறல் நுனியில் தகைவு பல மடங்காகும். துணிக்கடையில் ஓரத்தில் கத்தரிக்கோலால் லேசா வெட்டிட்டு அப்புறம் கையால சர்ருனு கிழிக்கிறாங்களே, அதே கதைதான்.

விலை குறைந்த கிட்டார்களில் சேடிலை மிருதுவான வார்ப்பு உலோகத்தில் செய்து மேலே பளபளப்பாக முலாம் பூசியிருப்பார்கள். எஃகுக் கம்பி நாளடைவில் அதைக் குடைந்து ஒரு காடி போட்டுவிடும். காடியின் விளிம்பு கூர்மையாகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. கம்பியைத் தளர்த்தி ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு துளி பஞ்சை எடுத்து சேடிலின் மேல் கம்பி போகும் பாதையில் மெதுவாக இழுங்கள். பஞ்சு நூல் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கு. பிறகு ஆய்வகத்து உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள். (கேட்டு வாங்குங்கள்!)

பஞ்சு சோதனையில் சந்தேகம் தீரவில்லை என்றால் இன்னொரு சோதனை, எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த மாடலில் ஆறு சேடிலும் தனித்தனி. ஒண்ணாம் சேடிலையும் இரண்டாம் சேடிலையும் கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள். வேறு எதையும் மாற்றக் கூடாது. கம்பி அதே வகை, பிக் அதே பிக். இப்போது ஒண்ணாம் கம்பி தப்பித்து, இரண்டாம் கம்பி சேடிலில் அறுந்தால் சேடில்தான் குற்றவாளி, மறுபேச்சே கிடையாது. மறுபடியும் ஒண்ணாம் கம்பியே அறுந்தால் சேடில் நிரபராதி, வேறு இடம் தேடணும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று அறிவியல் ஆசிரியர்கள் சொல்வது இதுக்குத்தான். பெரும்பாலும் நாம் என்ன செய்வோம்? கம்பி கம்பெனி, பிக், சுருதி எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்துவோம். சரியானாலும் எதனால் சரியாச்சுன்னு தெரியாது.

சேடில்தான் என்று தெரிந்தால் சரி செய்வது அரை மணி நேர வேலை. முதலில், பிக்கப் மேல் (காந்தம் இருக்கும் கறுப்புப் பெட்டிகள்) செய்தித்தாளை விரித்து ஓரம் முழுக்க டேப் ஒட்டிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எடுக்கவே முடியாது. சேடிலைக் கழற்றி எடுத்து வேலை செய்தால் இன்னும் நல்லது. எத்தனை திருகு உள்ளே போயிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சுருதியும் கம்பி உயரமும் மாறிவிடும். அறுந்த பழைய ஆறாம் கம்பியில் ஒரு துண்டு எடுத்து, கம்பி போகும் பாதையிலேயே, அது இறங்கும் சாய்விலேயே பத்திருபது தடவை முன்னும் பின்னும் இழுங்கள். அதன் சுற்று மெல்லிய அரம் மாதிரி வேலை செய்யும். பிறகு 1000 நம்பர் வாட்டர் பேப்பரை (பெயின்ட் கடையில் கிடைக்கும்) சுருட்டி அதே பாதையில் தேயுங்கள். கடைசியாகப் பித்தளைப் பாத்திரம் துலக்குகிற பாலிஷ் ஒரு சொட்டு, நூல் துணியால் துடைப்பு. மறுபடியும் பஞ்சு சோதனை.

இங்கே அவசரக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நமக்குத் தேவை வழவழப்பு மட்டும், பள்ளம் இல்லை. பெரிய அரத்தை எடுத்து ராவினால் முலாம் போய் அடி உலோகம் துருப்பிடிக்கும், கம்பி தாழ்ந்து மெட்டில் உரசும். கம்பி கழுத்துப் பக்கம் கிளம்பும் அந்த உச்சியைத் தட்டையாக்கவே கூடாது. அது தட்டையானால் சிதார் மாதிரி 'ஙொய்ங்' என்று ஒரு இரைச்சல் வரும். பின்பக்கம், மடங்கி இறங்கும் பக்கத்தை மட்டும் உருண்டையாக்குங்கள். முடிந்ததும் பென்சில் கூர் தூளைப் பாதையில் தடவுங்கள். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் மசகு மாதிரி வேலை செய்யும். எண்ணெய் வேண்டாம், தூசி பிடிக்கும்.

கிராஃபைட் விஷயம் நம்ம கண்டுபிடிப்பு இல்லை. கனடாவில் கிராஃப் டெக் என்ற கம்பெனி வழுக்கும் தன்மையுள்ள செயற்கைப் பொருளில் சேடில் செய்து 'ஸ்ட்ரிங் சேவர்' என்று பேர் வைத்தே விற்கிறது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் (1954 - 1990) ரொம்பத் தடிமனான கம்பி போட்டு, பலமாக வாசிப்பவர். அவருடைய கிட்டார்களைப் பார்த்துக்கொண்டவர் எலெக்ட்ரிக் வயரின் மேலுறை போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சின்னதாக நறுக்கி, கம்பியில் கோர்த்து, சேடில் மேல் வரும்படி வைப்பாராம். கம்பிக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு செருப்பு! வான் சுருதியையும் அரைச் சுரம் இறக்கி வைத்திருந்தார். நம்ம கணக்குப்படி அரைச் சுரம் இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் குறையும். பாடுகிறவருக்குக் குரல் எட்டவில்லை என்று சுருதி இறக்கும் குழுக்களுக்குக் கம்பியும் மிச்சம்.

கிப்சன் லெஸ் பால் மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அதில் பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பியைப் பிடிக்கும் கட்டை தனியாக இருக்கும். அதை ரொம்பக் கீழே இறக்கினால் கம்பி செங்குத்தாக மடங்கும், பிரிட்ஜின் பின்விளிம்பில்கூட இடிக்கும். இரண்டு பக்கத்துத் திருகையும் கொஞ்சம் தளர்த்தி மேலே ஏற்றினாலே போதும், அரம் வேண்டாம். இந்த மாடலில் கம்பி நீளம் 24.75 அங்குலம்தான் என்பதால் தகைவும் 6 சதவீதம் வாக்கில் குறைவு.

சாவித் தூணில் அறுந்தால், கம்பி நுழையும் ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். அங்கே பிசிறு இருந்தால் வாட்டர் பேப்பரைத் திரித்து உள்ளே விட்டுத் தேய்த்தால் போதும். ஆனால் முக்கால்வாசி தடவை தப்பு நாம் கம்பி சுற்றும் விதத்தில். ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஏறிச் சுற்றக் கூடாது, மேலிருந்து கீழாக ஒழுங்காக மூணு சுற்று வந்தால் போதும். மாட்டும்போது கம்பியில் முடிச்சு மாதிரி ஒரு கோணல் விழுந்துவிட்டால் அதை நிமிர்த்தி உபயோகிக்காதீர்கள், நிமிர்த்தின இடம் ஏற்கெனவே பாதி செத்த இடம்.

நட்டில் கம்பி அறுவது குறைவு. ஆனால் சுதி சேர்க்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி துள்ளிக் குதித்தால் நட் கம்பியைக் கவ்விப் பிடிக்கிறது என்று அர்த்தம். நைனுக்கு வெட்டின பள்ளத்தில் லெவன் கம்பி போட்டால் இப்படி ஆகும். பென்சில் தூள் போட்டுப் பாருங்கள். பள்ளத்தை அகலமாக்குவது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை, அதிகம் வெட்டிவிட்டால் புது நட்தான்.

பித்தளை உருண்டை பக்கத்திலேயே முறுக்கு பிரிந்து அறுந்தால் அது கம்பியின் குறை, அந்த செட்டைக் கடையில் காட்டலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலில் இன்னொன்றும் பாருங்கள்: கம்பி அடியிலிருந்து மேலே வரும் ஓட்டையின் விளிம்பில் உரசுகிறதா?

இனி கை. நியாயம் என்றால் எல்லாப் பக்கமும் விசாரிக்கணும் இல்லையா? பிரிட்ஜுக்கு ஒட்டி, தடிமனான பிக்கை ஆழமாக நுழைத்து அடித்தால் கம்பிக்கு ஓய்வே இல்லை. நடுவில், பிக் படும் இடத்தில் அறுந்த துண்டுகள் வந்தால் கை மேல் சந்தேகப்படலாம். 0.6, 0.7 மி.மீ. பிக்கை நுனி மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து ஒரு வாரம் வாசித்துப் பார்க்கட்டும். ஆனால் நடுவில் அறுந்தால் அந்த இடத்தில் துரு இருக்கா என்றும் பார்க்கணும். வெறும் கம்பிகள் மேல் பெரும்பாலும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள், மெட்டில் தேயும் இடத்தில் அது போய்விடும், அங்கே வியர்வையின் உப்பு புகுந்துவிடும். துரு என்பது கம்பிக்குள் தோண்டின ஆயிரம் சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் ஒரு கீறலுக்குச் சமம். நம்ம ஊர் வெயிலில், மதிய ஓய்வு நேரத்தில் விளையாடிவிட்டு நேராக வந்து கிட்டாரைத் தொடுகிறவர்கள் கை கழுவிவிட்டு வாங்க, ப்ளீஸ்! வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து வையுங்கள். விரலால் தடவும்போது சொரசொரப்பு தெரிந்தால் அறும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுவதே மேல்.

உங்களுக்குத் தெரியுமா? எரிக் கிளாப்டன் 1963 முதல் 1965 வரை யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்தபோது மெல்லிய கம்பிகளைப் போட்டு நிறைய பெண்ட் செய்வார், மேடையிலேயே கம்பி அறும். அவர் மாட்டி முடிக்கும் வரை கூட்டம் மெதுவாகக் கை தட்டிக்கொண்டே இருக்குமாம். அவருடைய 'ஸ்லோஹேண்ட்' என்ற பட்டப்பெயர் இப்படி வந்ததாகத்தான் சொல்கிறார்கள். பி.பி. கிங் இன்னும் ஒரு படி மேல். 1985 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம் சாம்பேனில் விவசாயிகளுக்காக நடந்த ஃபார்ம் எய்ட் நிகழ்ச்சியில் பாட்டு நடுவில் கம்பி அறுந்தது. அவர் பாடுவதை நிறுத்தவே இல்லை. பாடிக்கொண்டே புதுக் கம்பியை மாட்டி, சுதி சேர்த்து, வாசிக்கவும் ஆரம்பித்துவிட்டார்! எவ்வளவு பெரிய கலைஞர் கையிலும் கம்பி அறும். அவரிடம் போய் யாராவது "நீதான் வாங்கித் தரணும்" என்று கேட்டிருப்பார்களா?

கம்பி மாற்றும்போது ஒரு விஷயம், ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் கவனிக்கவும். இறுக்கமாக இருக்கும் கம்பியைக் கத்தரிக்காதீர்கள். 7 கிலோ இழுவிசை ஒரு நொடியில் விடுபட்டால் நுனி சாட்டை மாதிரி கண்ணுக்கு வரும். முதலில் சாவியைத் திருப்பித் தொளதொளவென்று ஆக்கிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். சுதி ஏற்றும்போதும் முகத்தைக் கிட்டாருக்கு நேராகக் குனிந்து வைக்க வேண்டாம்.

ஆண்டு விழா மேடைக்கு வருவோம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலில் பிரிட்ஜ் பின்னால் ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம், ஆறு கம்பியும் மறு பக்கம், கயிறு இழுக்கும் போட்டி மாதிரி சமமாக நிற்கின்றன. பிரிட்ஜ் மிதக்கும்படி வைத்திருந்து ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங் கட்சி ஜெயித்துவிடும், மீதி ஐந்து கம்பியும் சுருதி ஏறிவிடும். அப்புறம் அந்தப் பாட்டே கோவிந்தா! இதற்கு ஒரு தடுப்பு உண்டு. கிட்டாரின் பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் உலோகக் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் சரியான அளவில் மரத்துண்டு வைத்து அது அசையாதபடி செய்துவிடலாம். கைப்பிடியை ஆட்டி வாசிக்க முடியாது, ஆனால் ஒரு கம்பி போனாலும் மற்ற ஐந்தும் சுதியில் நிற்கும், பாட்டை முடித்துவிடலாம். அளவெடுத்து மரத்துண்டு சீவித் தர தச்சு வேலை தெரிந்த ஒன்பதாம் வகுப்பு நண்பர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒண்ணாம் கம்பி மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு செட் வாங்க வேண்டாம், ரெண்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வைக்கலாம். அறுந்த துண்டு ஒட்டுகிற நோட்டு இசை அறையில் தபேலா வைக்கும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது, பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கு.